கழிப்பறை மேல் போட்ட பழி

என் தங்கை வீட்டுக்காரனுக்குக் 'கிருமி' என்று பெயர் வைத்தவள் நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை எழுதி இந்தத் தாளை ஏன் அழுக்காக்க வேண்டும்? கிருமி போதும்.

அவனுக்குத் தொழில், கழிப்பறை கழுவும் மருந்து விற்பது. ஓட்டல், லாட்ஜ், சினிமா கொட்டகை, அலுவலகம் என்று ஊர் ஊராகப் போவான். ஒரு தோள்பையில் மாதிரி பாட்டில்கள், இன்னொன்றில் மாற்று உடை. சட்டைப்பையில் ஊதா வெளிச்சம் அடிக்கும் சின்ன டார்ச் ஒன்று எப்போதும் இருக்கும். மேனேஜரைக் கழிப்பறைக்குள் கூட்டிக்கொண்டு போய், விளக்கை அணைத்துவிட்டு, அந்த டார்ச்சை அடிப்பான். சீட்டின் மேல் திட்டுத் திட்டாக மின்னும். "பாத்தீங்களா சார்? இதுல உக்காந்துட்டுதான் உங்க கஸ்டமர் வீட்டுக்குப் போறாங்க. பொண்டாட்டி புள்ளைங்களைத் தொடுறாங்க." மேனேஜருக்கு முகம் வெளுத்துவிடும். அங்கேயே ஆர்டர் கொடுத்துவிடுவார்.

மின்னுவது எது என்று கேட்கிறீர்களா? சலவைத்தூள். முதலில் கை கழுவப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போவான், சலவைத்தூள் கரைத்த தண்ணீரைச் சீட்டில் தடவிவிட்டு வருவான். ஊதா வெளிச்சத்தில் அது பளிச்சென்று தெரியும். இதை அவனே என் எதிரில் உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டு சொன்னான். ஊரை ஏமாற்றுவதைவிட, ஏமாற்றிய கதையைச் சொல்வதில்தான் அவனுக்கு ருசி அதிகம்.

வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. கதவுக் கைப்பிடியில் கிருமி, நாணயத்தில் கிருமி, பக்கத்து வீட்டுக் குழந்தை மூக்கில் கிருமி. என்னுடைய தையல் கூடத்துக்கு வந்தால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவான். மூன்று மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிற இடம் அது. நூல் தூசி இருக்கும், அழுக்கு இருக்காது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க, தொழில் பழக்கம்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். மூக்குக்கும் காதுக்கும் அளவு பார்த்து, பிரேமை இளஞ்சூட்டில் காட்டி வளைத்துக் கொடுப்பாள். அங்கே மருந்து விற்க வந்தவன்தான் இவன். கடை முதலாளி வாங்கவில்லை, இவள் வாங்கிவிட்டாள், அவனையே. எங்கள் அப்பா அம்மா அதற்குள் போய்விட்டார்கள். "எனக்குப் பிடிச்சிருக்குக்கா" என்று வந்து நின்றாள். வேறு என்ன செய்வது, நடத்தி வைத்தேன்.

அவளுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான், பிள்ளை. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் தங்கவில்லை. மாமியார்க்காரி தினமும் ஏதாவது ஒரு சாக்கில் அதைச் சொல்லிக் காட்டுவாள். பால் பொங்கினால்கூட, "பொங்கி என்ன, குடிக்க ஆள் வேணாமா?" என்பாள். போன வருஷம் நானே தங்கையை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன், சோதனை எல்லாம் எடுத்தார். "கருக்குழாய் ரெண்டும் நல்லா திறந்திருக்கு. ஒரு குறையும் இல்ல. கொஞ்சம் பொறுமையா இரும்மா" என்றார். அன்றைக்கு வழியெல்லாம் என் கையை அவள் விடவே இல்லை.

அப்புறம்தான் இந்தச் சனியன் பிடித்தது.

ஒரு தடவை வெளியூர் சுற்றிவிட்டு வந்த கிருமி, வந்ததிலிருந்து பாத்ரூமுக்குள் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். மாமியார்தான் துணி ஊறவைக்கிறவள். மகனுடைய உள்ளாடையில் மஞ்சளாகச் சீழ்க் கறையைப் பார்த்துவிட்டாள். என்னடா இது என்று கூடத்தில் வைத்துக் கேட்டாள். தங்கையும் பக்கத்தில் இருந்தாள். வேறு எவனாக இருந்தாலும் ஒரு நொடி திணறியிருப்பான். இவன் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தான். லாட்ஜில் கழிப்பறை சரியில்லை, சீட்டில் ஈரம் இருந்தது, அவசரத்தில் உட்கார்ந்துவிட்டேன், ஒட்டிக்கொண்டது. "எத்தனை பேருக்கு எச்சரிக்கை பண்றேன், கடைசியில எனக்கே வந்துடுச்சு பாரும்மா" என்று கண்கூடக் கலங்கினானாம். தங்கை சொல்லும்போது அவளுக்கும் கலங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

அந்த லாட்ஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அம்மாவும் பெண்டாட்டியும் கேட்கும்படி கத்தியிருக்கிறான். அங்கே கழிப்பறை கழுவுகிற பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதையும் வந்து பெருமையாகச் சொன்னான். "இப்படி ஒருத்தியை அனுப்பினாதான் மத்தவளுக்குப் பயம் வரும்." அடப்பாவி! நீ எங்கேயோ போய்ப் படுத்துவிட்டு வந்ததற்கு, யாரோ ஒருத்தி வேலை இழந்து வீட்டில் உட்கார வேண்டுமா?

டாக்டரிடம் திருட்டுத்தனமாகப் போய் ஊசி போட்டுக்கொண்டான். இரண்டே நாளில் முனகல் நின்றது. வீட்டில்தான் கூத்து ஆரம்பித்தது. துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவிக்க வேண்டும். அவனுடைய மருந்தை ஊற்றிக் கழிப்பறையைக் காலையும் மாலையும் தேய்க்க வேண்டும். தேய்ப்பது யார்? தங்கைதான். கண்ணாடிக் கடையில் பிரேமைப் பிடிக்கிற விரல்கள் மருந்து பட்டு வெடித்துப் போயின. "எனக்கும் டாக்டரைப் பாக்கணுமாங்க?" என்று அவள் கேட்டதற்கு, "பொம்பளைங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது. துணியை மட்டும் நல்லா அவி" என்றானாம்.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் பண்ணாதாம்! வெளியே தெரியாது என்பதும் ஒன்றும் பண்ணாது என்பதும் ஒன்றா? ஆணுக்கு எரிச்சல் எடுத்து ஊரைக் கூட்டும். பெண்ணுக்கு அது பெரும்பாலும் சத்தம் போடாமல் உள்ளே இருந்துகொண்டு வேலையைக் காட்டும். இதெல்லாம் எனக்கே டாக்டரம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

அவளுக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. மருந்து நெடியால் இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "வா, டாக்டர்கிட்ட போவோம்" என்று நான் பலமுறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் கிருமி குறுக்கே விழுந்தான். வெயில் சூடு என்பான், மாதவிலக்கு வலி என்பான், அடுத்த வாரம் நானே கூட்டிப்போகிறேன் என்பான். எந்த டாக்டரும் அவளைப் பார்த்த மாத்திரத்தில் "உன் புருஷனை வரச்சொல்" என்று சொல்லிவிடுவார் என்கிற பயம் அவனுக்கு. அந்தப் பயத்துக்காக அவளை வலியோடு வைத்திருந்தான். இவளும் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு, வயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்தபடி வேலைக்குப் போய்வந்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. "அக்கா, உடனே கிளம்பி வாங்க. உங்க தங்கச்சி விஷயமாப் பேசணும்." குரலில் அப்படியொரு கம்பீரம். தைத்துக்கொண்டிருந்த காலரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தான், அலுவலகக் கூட்டம் மாதிரி. ஒன்றில் அவன். ஒன்றில் மாமியார், முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு. தங்கை மட்டும் சுவரோரம் நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் கொதித்தது. எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தார்கள். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"எனக்கு மறுபடியும் வந்திருக்கு" என்று ஆரம்பித்தான் கிருமி. "அதே எரிச்சல், அதே சீழ். ஆனா இந்தத் தடவை நான் எங்கயும் போகல. எங்க அம்மா மேல சத்தியம். வீடு, வேலை, வீடுன்னுதான் இருந்தேன். அப்ப இது எப்படி வந்துச்சு? உங்க தங்கச்சியையே கேளுங்க."

மாமியார் தங்கையைப் பார்த்தாள். "கேக்குறான்ல? வாயத் தொறந்து சொல்லு."

தங்கைக்கு அவன் எங்கே வருகிறான் என்றே புரியவில்லை. பாவி மகள், உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னாள். "போன தடவை மாதிரியே ஏதாவது டாய்லெட்லேர்ந்து வந்திருக்கும்ங்க. நீங்கதான் தினமும் பத்து இடம் போறீங்களே."

"டாய்லெட்லேர்ந்து எப்படிடி வரும்?" என்று எகிறினான். "அறிவு இருக்கா உனக்கு? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இந்தக் கிருமி உடம்பை விட்டு வெளியே வந்தா காஞ்சு செத்துடும். சீட்டுல எல்லாம் உக்காந்துட்டு இருக்காது. ஒரு ஆளோட இன்னொரு ஆள் படுத்தாதான் ஒட்டும். நான் உன்னைத் தவிர வேற யாரையும் தொடல. அப்ப நீ யாரைத் தொட்ட?"

சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான், எப்படி மடக்கினேன் பார் என்கிற மாதிரி.

தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. அவளுக்கே புரிந்துவிட்டது. அவனுக்கு இன்னும் புரியவில்லை. அத்தனை மூளை!

தங்கை மெதுவாகக் கேட்டாள். "அப்ப போன தடவை உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தண்ணீர் குடித்தான். பிறகு கையை ஆட்டினான். "போன தடவை கதை இப்ப எதுக்கு? அது முடிஞ்சுபோச்சு. பேச்சை மாத்தாத. நான் ஊசி போட்டுச் சுத்தமாயிட்டேன். சும்மா சுத்தம் இல்ல, டபுள் சுத்தம். உனக்குன்னு டாக்டர் குடுத்த மாத்திரையைக்கூட நானே சேத்துப் போட்டுக்கிட்டேன். வாந்தி வந்துச்சு, அதையும் பொறுத்துக்கிட்டேன். அவ்வளவு சுத்தமா இருந்தவனுக்கு இது வருதுன்னா…"

"நில்லு" என்றேன். "அவளுக்குன்னு டாக்டர் குடுத்த மாத்திரையா?"

மாப்பிள்ளை, நீங்க, வாங்க எல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. அவன் பேந்தப் பேந்த விழித்தான். கிடுக்கிப்பிடி போட்டதும் எல்லாம் வெளியே வந்தது. டாக்டர் நல்லவர். பெண்டாட்டிக்கும் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் உனக்குத் திரும்ப வரும் என்று விளக்கிச் சொல்லி, அவளுடைய பங்கையும் தனியாகக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் எதற்கு மாத்திரை என்று அவள் கேட்பாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி அவனே விழுங்கிவிட்டான்! பெண்டாட்டி பங்குச் சாப்பாட்டைத் தின்றவனைப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டி பங்கு மருந்தைத் தின்றவன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும். தின்றதோடு விட்டானா? அவளிடமிருந்து இவனுக்கே திரும்பி வந்த இவனுடைய சரக்கைக் காட்டி, அவள் மேல் வழக்குப் போட ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறான்.

கையில் இருந்த டீயை அவன் முகத்தில் ஊற்றினேன். ஆறிப்போயிருந்தது, அது ஒன்றுதான் வருத்தம்.

"ஐயோ, ஐயோ" என்று மாமியார் எழுந்தாள். "வெளியூர் போற ஆம்பளை. அப்படி இப்படி ஏதோ நடந்துடுச்சு. அதுக்குன்னு இப்படியா? இவ காலாகாலத்துல ஒரு புள்ளையப் பெத்துக் குடுத்திருந்தா அவன் ஏன் வெளிய போறான்?"

"த்தூ!" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

தங்கை அடிவயிற்றைப் பிடித்தபடி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். குமட்டி, வாயில் உமிழ்நீராக ஊறியது. அவளைத் தூக்கி நிறுத்தி, வாசலில் வண்டி பிடித்து, டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். கிருமி சட்டையைத் துடைத்துக்கொண்டு நின்றான், கூட வரவில்லை.

உடனே படுக்கையில் சேர்த்தார்கள். நரம்பில் மருந்து ஏறியது. நோய் கருப்பையைத் தாண்டி மேலே போய்விட்டது என்றார்கள். காய்ச்சல் இறங்கியதும் டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அவளுக்கு எல்லாம் புரியும்படி சொன்னார். "இந்தக் கிருமிக்கு உடம்புச் சூடும் ஈரமும் வேணும்மா. வெளியே வந்து காஞ்சா பிழைக்காது. சீட்டு, துண்டு, டம்ளர் இதாலெல்லாம் உனக்கு வரல. எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி இல்ல. ஈரத் துணியில கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது உண்டு. மஞ்சக்காமாலையில ஒண்ணு காஞ்ச ரத்தத்துலகூட ஒரு வாரம் உயிரோட இருக்கும். உனக்கு வந்தது அந்த ரகம் இல்ல. இது ஆள்கிட்டேர்ந்து ஆளுக்குத்தான் வரும். ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுக்கணும். ஒருத்தர் மட்டும் எடுத்தா இப்படித்தான் மாறி மாறி ஓடிட்டே இருக்கும்."

"அப்ப நான் துணி அவிச்சதெல்லாம்?" என்று கேட்டாள் தங்கை.

டாக்டரம்மா அவளுடைய வெடித்த விரல்களைப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார்.

அவள் குணமாகி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வேலைக்கும் போக ஆரம்பித்தாள். சில மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடியும் குழாய்ச் சோதனை எடுத்தார். முடிவைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்ததைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தழும்பேறி அடைத்துவிட்டது. போன வருஷம் திறந்திருந்த அதே குழாய்கள். இனி இயல்பாகத் தங்காது, வேறு வழிகள் உண்டு, அதைப் பிறகு பேசுவோம் என்றார். தங்கை தலையை ஆட்டினாள். வெளியே வந்தபிறகு, "போன வருஷம் இதே பெஞ்சுலதானேக்கா உக்காந்திருந்தோம்" என்றாள். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அந்த வாரமே ஒரு விடுமுறை நாளில், தங்கை எனக்கு ஒத்தாசையாக மெஷினில் உட்கார்ந்திருந்தபோது, கிருமி என் தையல் கூடத்துக்கு வந்தான். நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தான், அந்த அளவுக்குப் பணிவு. அம்மாவுக்கு முடியவில்லை, வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது, நடந்தது நடந்துவிட்டது, நானும் மருந்து எடுத்துக்கொண்டேன், வந்துவிடு. மூக்கால் அழுதான். குழாய் அடைத்த விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு இப்பல்லாம் எவ்வளவோ டெக்னாலஜி இருக்குக்கா" என்றான். கத்தரிக்கோலை எட்ட வைத்துவிட்டேன், என் கையை நானே நம்பவில்லை.

தங்கை மெஷினை நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு யாரு?" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"உங்களுக்கு இதைக் குடுத்தவளோ, நீங்க குடுத்தவளோ. அவ நம்பர் வேணும்."

கிருமி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதெல்லாம் வேணாம். சண்டை போட்டு என்ன ஆகப்போகுது? தவிர, அது ஒரு பொண்ணோட மானப் பிரச்சினை."

மானம்! எந்த வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறது பாருங்கள். நான் எழுந்துவிட்டேன். தங்கை என்னைக் கையமர்த்தினாள்.

"அவளுக்குச் சொன்னீங்களா? டாக்டரைப் பாருன்னு?"

சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிற பெண், வெளியூர், சின்ன வயசு என்று கொஞ்சம் கொஞ்சமாக வாயிலிருந்து பிடுங்கினோம். நோய் தெரிந்த நாளிலிருந்து அவள் போனையே எடுக்காமல் இருந்திருக்கிறான்.

"நம்பர் குடுங்க. அதுக்கப்புறம்தான் மத்த பேச்சு" என்றாள்.

மத்த பேச்சு என்றதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்து, போனை எடுத்து நம்பரைக் காட்டினான்.

தங்கை அங்கேயே, அவன் எதிரிலேயே, தன் போனில் போட்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு சின்னக் குரல் ஒன்று யாரென்று கேட்டது.

"பயப்படாதம்மா, சண்டை போடக் கூப்பிடல" என்றாள் தங்கை. அவன் பெயரைச் சொன்னாள். "அவருக்கு ஒரு நோய் இருந்துச்சு. உனக்கும் இருக்கலாம். வெளியே ஒண்ணுமே தெரியாது, தெரியலன்னு விட்டுடாத. நாளைக்கே ஒரு டாக்டரைப் பாரு. எனக்கு நேரம் போயிடுச்சு, உனக்கு இன்னும் இருக்கும்."

"நீங்க யாரு?" என்றது குரல்.

"அவர் பொண்டாட்டி."

"பொண்டாட்டியா?" என்றாள் அந்தப் பெண். "அவங்க செத்துட்டாங்கன்னு சொன்னாரே. புள்ளை பெத்தப்போ செத்துட்டாங்கன்னு."

கிருமி நாற்காலியிலிருந்து எழுந்தான். நான் வாசலை மறித்து நின்றேன். இதை அவன் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தங்கையின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. இத்தனை நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

"இல்லம்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "சாகவும் இல்ல, பெத்துக்கவும் இல்ல. நீ நாளைக்குப் போ."